சிவப்பு, பச்சை, வின்சென்ட்

தேன்மொழி, அகிலன், இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். போன வாரம் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். அகிலன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தேன்மொழிக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். கட்டுரை எழுதியது பள்ளிக்கூடத்தோடு சரி. அங்கங்கே தடுக்கினால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தேன்மொழி வேலை பார்க்கிற அறையின் கதவு ஒழுங்காகச் சாத்தாது. ஒருநாள் அவள் தோழியிடம் போனில் சொன்னது அத்தனையும் ஹாலில் எனக்குக் கேட்டது.

"பழைய ஃபங்ஷனை ஏஐகிட்ட குடுத்து மொத்தமா திருப்பி எழுத வெச்சேன்டி. சூப்பரா ஓடுது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா ரிவ்யூல 'டிஃப் படிக்க முடியல, பிரிச்சுப் போடு'ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நித்யா போட்டா மட்டும் உடனே ஓகே ஆயிடுது. அவ அப்படி இன்னா பெருசா எழுதிக் கிழிச்சிட்டா?"

கடைசி வரியைக் கேட்டதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அதே வரியை அதே குரலில் நான் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். நித்யா என்கிற இடத்தில் வின்சென்ட் என்று போட்டால் போதும்.

உங்கள் அம்மா அப்போதே சொல்வாள். "அவன் பேர எடுக்காம நீ என்னிக்காவது ஒரு வாய் சோறு தின்னுக்கீறியா? எனக்கே அந்த ஆளு கூட குடும்பம் பண்ற மாதிரி ஆயிப்போச்சு."

அகிலனுக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது என்பதால் டிஃப் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமை மாற்றினால் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் மென்பொருளிடம் கொடுப்போம். அது வரிக்கு வரி ஒப்பிட்டு, பழையதிலிருந்து போன வரியைச் சிவப்பிலும், புதிதாக வந்த வரியைப் பச்சையிலும் காட்டும். மாறாத வரி வெள்ளையாக இருக்கும். எழுதினவன் என்ன செய்தான் என்று அடுத்தவன் பார்த்து ஒப்புக்கொள்வதற்கு அதுதான் வழி.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், கட்டடக் கம்பி உருட்டுகிற மில்லில். எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். மோட்டார், பேனல், கேபிள் என்று சில வருஷம் போனது. பிறகு ரிலே பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மில்லை ஓட்டுவதற்குப் புரோகிராம் போடுகிற கருவிகளைக் கொண்டுவந்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள எங்கள் எலக்ட்ரிக்கல் ஷாப்பிலிருந்து இரண்டு பேரைப் பொறுக்கினார்கள். ஒருவன் நான், கவரைப்பேட்டை மனோகர். இன்னொருவன் எளாவூர் வின்சென்ட். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே வயது. என் அப்பாவும் அவன் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பயிற்சியில் நான்தான் வேகம். அவன் ஒரு கணக்கை முடிப்பதற்குள் நான் அடுத்ததை முடித்துவிட்டு, அவன் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை நான் சொல்வது பெருமைக்காகவும்தான். இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

வேகம் எனக்கு இருந்தது, ஆட்கள் அவனுக்கு இருந்தார்கள். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தால் பேசுவதற்கு நாலு பேர் வருவார்கள். ஆபரேட்டர்கள் சந்தேகம் கேட்க அவன் மேஜைக்குத்தான் போவார்கள், என் மேஜையைத் தாண்டி. வழியில் என்னைப் பார்த்து, "இன்னாபா மனோகரு, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாஷ்டாவுக்கு நான், சந்தேகத்துக்கு அவன். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

எங்கள் பெரியவர் கோதண்டராமன் சார். மில்லின் புரோகிராம் பகுதி முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். எந்த மாற்றமாக இருந்தாலும் டிஃபை கலர் பிரிண்ட் எடுத்து அவர் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். எழுதினவன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆபரேட்டருக்குப் புரோகிராம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "ஓட்டப் போறவன் காதுல விழணும்" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

படிக்கும்போது சார் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வார். நாம் படிக்கப் படிக்க ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும். அவருக்குப் புரியவில்லை என்றால் ஸ்கேல் நிற்கும். மறுபடி படிப்போம். மறுபடியும் புரியவில்லை என்றால் ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, "டீ சொல்லுப்பா" என்பார். முடிந்தது. திட்ட மாட்டார், தப்பு என்று சொல்ல மாட்டார். ஆனால் ஸ்கேல் குறுக்கே விழுந்த தாளைப் பற்றி அப்புறம் பேசக் கூடாது. வேறு தாளோடுதான் வர வேண்டும். அந்த டீயைக் குடிப்பதைவிட நாலு திட்டு வாங்கலாம் என்று ஷாப்பில் எல்லாரும் சொல்வார்கள்.

இப்போது அந்த ஷியர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஷியர் என்பது, உருண்டு வேகமாக வருகிற பழுக்கக் காய்ந்த கம்பியை நிறுத்தாமலே வெட்டுகிற கத்தி. வெட்டின கம்பி போய் மேடையில் படுத்து ஆறும். கத்தி எப்போது இறங்க வேண்டும் என்று சொல்வது ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் அந்த ஒரு வேலைக்கான பகுதி. புரோகிராம் கருவிகள் வந்த புதிதில் வெளியாட்கள் எழுதியது. ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடும். அதனால் கம்பியின் கடைசியில் சின்னதாக ஒரு வால் துண்டு மிஞ்சும். அந்த வால் மேடையில் நேராகப் படுக்காமல் குறுக்கே போய் மாட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற கம்பி அதில் முட்டி வளையும். ஒரு ஆள் இடுக்கியோடு கத்தி வாய்வரை உள்ளே போய் இழுக்க வேண்டும். ஆபரேட்டர்களுக்கு அது தீராத பேஜார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான். கடைசி இரண்டு வெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மிச்சத்தை இரண்டு பங்காகப் பிரித்துவிட்டால் வால் துண்டே வராது. யோசனை வந்தது கவரைப்பேட்டை பிளாட்பாரத்தில். ரயில் வந்ததைக்கூட கவனிக்காமல் நின்றிருக்கிறேன். அந்தச் சமயத்தில் எஸ்டேட்டின் மறுபக்கம் எங்கள் கம்பெனி இரண்டாவது மில் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கான புரோகிராம் முழுவதையும் ஒருவன் முதலிலிருந்து எழுத வேண்டும். நான் அல்லது வின்சென்ட். மற்றவன் இங்கேயே இருந்து பழையதைப் பழுது பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் புது மில் வேண்டும். யாரோ கட்டின வீட்டுக்கு இத்தனை வருஷம் வெள்ளையடித்தது போதும், நான் கடைக்கால் போட்டு ஒன்று கட்ட வேண்டும் என்று வெறியாக இருந்தது. ஷியர் ஃபங்ஷன் ஓடிவிட்டால் அது எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அதனால் ஃபங்ஷனை மேலிருந்து கீழ்வரை திருப்பி எழுதினேன். கணக்கை மாற்றினேன். வரிகளின் வரிசையை மாற்றினேன். வெளியாட்கள் பி-7, டி-3 என்று வைத்திருந்த மொட்டைப் பெயர்களை எல்லாம் ஹோல்டு, லெங்த் என்று யாருக்கும் புரிகிற பெயராக்கினேன். ஒழுங்கில்லாமல் நின்ற வரிகளை உள்ளே தள்ளி அழகாக நிறுத்தினேன். ஓட்டிப் பார்க்கிற கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு வால் துண்டு வரவில்லை. அடுத்த ஞாயிறு கம்பி உருட்டுகிற ரோல்களை மாற்றுவதற்காக மில் நிற்கும். அன்றைக்கு ஏற்றிவிடலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு சார் மேஜைக்குப் போனேன். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தேன், அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்குக் கேட்க வந்த ஆபரேட்டர் சம்பத் அண்ணன். ஷியரை ஓட்டுகிறவர், ஆரம்பாக்கம் பக்கத்து ஆள். பாதி தெலுங்கு கலந்து பேசுவார், எல்லாரையும் நைனா என்பார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். முதல் வரி சிவப்பு. அடுத்த இரண்டு பச்சை. பிறகு ஒரு வெள்ளை. அது வெறும் முடிப்பு வரி, 'எண்ட் இஃப்' என்று வருவது. அப்புறம் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒன்றுமில்லாத ஒரு காலி வரி, மறுபடி மூன்று சிவப்பு. படிக்கப் படிக்க எனக்கே எது பழையது, எது என்னுடையது என்று குரல் தடுமாறியது.

காரணம் பிறகு புரிந்தது. அந்த மென்பொருளுக்கு அர்த்தம் தெரியாது. இரண்டு பிரதியிலும் ஒரே மாதிரி இருக்கிற வரிகளை மட்டும் தேடும். நான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதால், மிஞ்சின ஒரே மாதிரி வரிகள் முடிப்பு வரிகளும் காலி வரிகளும்தான். எங்கேயோ இருக்கிற பழைய முடிப்பு வரியையும் வேறெங்கேயோ இருக்கிற புது முடிப்பு வரியையும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அது ஜோடி சேர்த்துவிட்டது. நடுவில் அகப்பட்டதை எல்லாம் சிவப்பும் பச்சையுமாக அடைத்துவிட்டது. காலை ஷிப்ட் ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்கும்போது, இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் முட்டுவார்களே, அப்படித்தான் அந்தத் தாள்.

சம்பத் அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கொட்டாவி விட்டார்.

"இன்னா நைனா, ரெண்டு பேர் ஜாதகத்த ஒண்ணா கலக்கி படிச்சிக்கினு கீற? இதுல மாப்ள யாரு, பொண்ணு யாரு?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "புரோகிராம் ஓடுதுண்ணே. ஓட்டிக் காட்டட்டா?"

"ஓடும் நைனா. அத்த யாரு இல்லைன்னாங்க?"

சாரின் ஸ்கேல் இரண்டாவது பக்கத்தின் நடுவில் நின்றிருந்தது. "அந்த நாலு வரியை மறுபடி படிப்பா" என்றார். படித்தேன். ஸ்கேல் நகரவில்லை. இன்னொரு முறை படித்தேன், கொஞ்சம் சத்தமாக. சத்தம் போட்டால் புரியும் என்று எனக்கு நினைப்பு. சார் ஸ்கேலை எடுத்தார். தாளின் மேல் குறுக்காக வைத்தார்.

"டீ சொல்லுப்பா."

டீ வந்தது. குடித்தோம். எழுந்து வெளியே வரும்போது என் முதுகுக்குப் பின்னால் சார் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டதாக நினைத்துத் திரும்பினேன். "வின்சென்ட்! இதுல ஒரு வார்த்தைகூட மாத்தாதே. மனோகர் எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நான் படிக்கிற மாதிரி மட்டும் எடுத்துட்டு வா."

அந்தத் தாளை அவன் வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாங்கினான், பிரசாதம் மாதிரி. அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தான். "மச்சான், இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? உன் கணக்கு செம்ம கணக்குடா. எனக்கு இது தோணியே இருக்காது."

"தோணாதவன்கிட்டதான குடுத்துக்கீறாரு" என்றேன்.

அவன் சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. அது இன்னொரு எரிச்சல்.

"நீ வந்து கூட ஒக்காரு மச்சான். ரெண்டு பேரும் சேந்து பிரிச்சிடலாம்."

"எனக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டேன். ஒரு வேலையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் தாளோடு சார் மேஜைக்குப் போனான். என்னையும் கூப்பிட்டார்கள். போகும் முன் அவன் கோப்பைத் திறந்து, என் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். என் கணக்கில் அவன் எதையாவது தொட்டிருப்பான், ஒரு புள்ளியாவது மாற்றியிருப்பான், அதைப் பிடித்துவிடலாம் என்று. ஒன்றும் இல்லை. எழுதினது எழுதினபடியே இருந்தது. அவ்வளவு ஏமாற்றம் எனக்கு எந்தப் பரீட்சை முடிவிலும் வந்ததில்லை.

அவன் ஒரே டிஃபை நாலாகப் பிரித்திருந்தான். நாலு தாள்.

முதல் தாளில், பழைய ஃபங்ஷனைப் பழைய கணக்கோடு அப்படியே வைத்துக்கொண்டு, நான் கொடுத்த புதுப் பெயர்களை மட்டும் அதற்குப் போட்டிருந்தான், வரிகளை என்னைப் போலவே உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தான். "சார், இந்தத் தாள்ல மிஷின் நடத்தை ஒண்ணும் மாறல. பேரும் நிறுத்தின அழகும் மட்டுந்தான். ரெண்டுமே மனோகர் வெச்சது." ஸ்கேல் சரசரவென்று இறங்கியது. இரண்டாவது தாளில், என்னுடைய புது ஃபங்ஷனைப் பழையதன் மேல் எழுதாமல், கோப்பின் கடைசியில் வேறு பெயரில் தனியாக வைத்திருந்தான். தாள் முழுக்க ஒரே பச்சை. நடுவில் ஒரு சிவப்பு இல்லை. புரோகிராமில் எந்த வரியும் அதை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை, சும்மா நிற்கிறது. மூன்றாவது தாளில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. பழையதைக் கூப்பிடுகிற இடத்தில் புதியதைக் கூப்பிடு என்று. நாலாவது தாளில், இனி யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷனை எடுத்துவிட்டிருந்தான். தாள் முழுக்க ஒரே சிவப்பு.

இவ்வளவுதான். இறங்குகிறவர்கள் ஒரு வாசல், ஏறுகிறவர்கள் ஒரு வாசல். தேன்மொழி, உன்னைப் பிரித்துப் போடச் சொன்னார்களே, அது இதுதான். ஏஐ எழுதினாலும் மனுஷன் எழுதினாலும் மென்பொருள் முடிப்பு வரியைத்தான் ஜோடி சேர்க்கும். பெயர் மாற்றுவதைத் தனியாகப் போடு. புதியதைப் பழையதன் மேல் எழுதாதே, பக்கத்தில் வை. கூப்பிடுகிற வரியைத் தனியாக மாற்று. பழையதைக் கடைசியில் எடு. படிக்கிறவர் ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பார்த்தால் போதும்.

வின்சென்ட் பச்சைத் தாளையும் சிவப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் இப்போது ஒரே பெயர்கள். சம்பத் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போன தடவை கொட்டாவி விட்டவர் இப்போது விரலை வைத்து எண்ணினார்.

"ஏன் நைனா, இந்த ஹோல்டுன்றது என் டெஸ்க்குல கீற மஞ்சா பொத்தான்தான?"

"ஆமாண்ணே" என்றான் வின்சென்ட்.

"செவப்புல அது ரெண்டு தபா கீது. பச்சையில ஒரு தபாதான் கீது. இன்னொண்ணு எங்க போச்சி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும். நான்தானே எடுத்தேன். "அது தேவையில்லண்ணே. கம்பி ஷியருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு தபா பொத்தானைப் பாத்துடுது. ஒவ்வொரு வெட்டுக்கு அப்புறமும் மறுபடி எதுக்கு? அதான் ஒண்ண எடுத்துட்டேன்."

சம்பத் அண்ணன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. மெதுவாகச் சொன்னார். "கம்பி உள்ள வரும்போது எங்க நைனா மாட்டிக்குது? பாதி வெட்டினாப்புறந்தான் மேடையில மாட்டும். அப்பதான் நான் பொத்தான அமுக்குவேன். அமுக்கினாதான் குமாரு இடுக்கி எடுத்துக்கினு உள்ள போவான். நீ பாட்டுக்கு முன்னாடியே பாத்துட்டேன்னு கத்திய எறக்கினா?"

குமார் என்பது மேடையில் நிற்கிற உதவியாள். சம்பத் அண்ணனின் தங்கை மகன்.

வால் துண்டு வராது, ஆனால் கம்பி வேறு காரணத்துக்கும் மாட்டும். அதை ஓட்டுகிறவர்தான் அறிவார். நான் முதலில் கொண்டுபோன தாளில் இந்த விஷயம் இருந்ததா என்றால், இருந்தது. பழைய பெயர் பி-7 என்று சிவப்பில் இரண்டு இடத்தில் கிடந்தது, புதுப் பெயர் ஹோல்டு என்று பச்சையில் ஒரு இடத்தில் கிடந்தது. நடுவில் ஒரு முழுப் பக்கம் குப்பை. பி-7தான் ஹோல்டு என்று அந்தத் தாளிலிருந்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, நான் உட்பட.

வின்சென்ட் சொன்னான்: "சார், பழைய புரோகிராம்ல அது ரெண்டு எடத்துல ஏன் கீதுன்னு வெளியாளுங்க ஒரு குறிப்புகூட எழுதல. பாக்குறவன் யாரா இருந்தாலும் டபுளா கீதுன்னுதான் நெனப்பான். நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்."

அவன் என்னைத் தாங்கிப் பேசுகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் அதே இடத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் பச்சையில் சேர்த்தேன். சார் ஸ்கேலைக் கடைசி வரிவரை இறக்கிவிட்டு நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டார். "நல்லா இருக்குப்பா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே குறைவு. சொல்லும்போது அவர் பார்வை வின்சென்ட் மேல் இருந்தது. கணக்கு என்னுடையது, கடைசி வரிவரை என்னுடையது. நான் சமைத்தேன், அவன் இலை போட்டுப் பரிமாறினான், சாப்பிட்டவர்கள் பரிமாறினவனைப் பார்த்து ஏப்பம் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புரோகிராமை ஏற்றினோம். வால் துண்டு வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பகல் ஷிப்டில், வேறு ஏதோ காரணத்தால் வளைந்த கம்பி பாதி வெட்டில் மாட்டியது. சம்பத் அண்ணன் மஞ்சள் பொத்தானை அமுக்கினார். கத்தி மேலேயே நின்றது. குமார் உள்ளே போய் இழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்தான். நான் அப்போது கேபினில் இருந்தேன். அவன் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சம்பத் அண்ணன் வின்சென்ட்டுக்கு ஆந்திரா பக்கத்து மாம்பழம் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார். கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

புது மில்லுக்கு யார் என்று சொல்ல சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வின்சென்ட் போகட்டும்" என்றார்.

நான் கேட்டுவிட்டேன். "சார், ஷியர் கணக்கு போட்டது நான்."

"தெரியும்பா. அந்த மாதிரிக் கணக்கு இவனுக்கு வராது. இவனுக்கும் அது தெரியும்." வின்சென்ட் தலையாட்டினான். "ஆனா அங்க எல்லாமே புதுசு. எழுதுறதை ஆபரேட்டர் கேக்கணும், நாளைக்கு வர்றவன் படிக்கணும். கணக்கு வேணும்னா உன்கிட்ட வந்து கேட்டுக்குவான்."

அதேபோல வந்து கேட்டான். வாரத்துக்கு ஒரு தடவையாவது எஸ்டேட்டைத் தாண்டி சைக்கிளில் வந்து கேட்டான். நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது மில்லில் இன்றைக்கும் ஓடுகிற கணக்கில் பாதி என்னுடையது. கேட்டுப் பாருங்கள், வின்சென்ட் கட்டின மில் என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் நான் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் அவன் மாதிரியேதான் பிரித்தேன். அவனைவிடச் சுத்தமாகப் பிரித்தேன் என்றுகூடச் சொல்வேன். ஒவ்வொரு தாளின் தலையிலும், மிஷின் நடத்தை மாறுகிறதா இல்லையா என்று ஒரு வரி எழுதினேன். அது என் சொந்தச் சேர்க்கை. என் தாளில் ஸ்கேல் அதற்குப் பிறகு குறுக்கே விழுந்ததே இல்லை. புதிதாக வந்த பொறியியல் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால், "ஓ, வின்சென்ட் சார் மெதட்" என்பார்கள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும், மேடையில் பேசின ஒரு பெண், "மனோகர் சார், வின்சென்ட் சார் மெதட்டை எங்களுக்குப் பொறுமையா சொல்லிக்குடுத்தாரு" என்று நன்றி சொன்னாள். நான் கைதட்டினேன். வேறென்ன செய்வது?

வின்சென்ட்டும் ஓய்வு பெற்றுவிட்டான். எளாவூரில் இருக்கிறான். தினமும் காலையில் பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புகிறான். நான் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். பொறாமை போய்விட்டதா என்று நீங்கள் கேட்டால், போகவில்லை. முட்டி வலி மாதிரி, குளிரில் வரும். தேன்மொழி, நித்யாவைப் பிடிக்காமல் போனால் பரவாயில்லை. அவள் டிஃபைத் திறந்து எப்படிப் பிரித்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துவிடு. அவள் கூப்பிட்டால் பக்கத்தில் போய் உட்கார். வேலை இருக்கிறது என்று சொல்லாதே.

இன்னும் ஒன்றுதான் மிச்சம், இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வின்சென்ட் புது மில்லுக்குக் கிளம்பின அன்று மதியம், கேன்டீனில் அவனுக்கு மாலை போட்டு மிக்ஸர், ஜாங்கிரி கொடுத்தார்கள். கைதட்டுகிற சத்தம் எங்கள் அறைவரை கேட்டது. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தேன். சாரின் மேஜையில் ஆள் இல்லை. ஸ்கேல் அதன் மேல் கிடந்தது. என் இழுப்பறையிலிருந்து அந்த முதல் பிரிண்டை எடுத்தேன், சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்ததை. வின்சென்ட் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்ததை, கிழித்துப் போட ஏனோ மனம் வராமல் வைத்திருந்தேன். சார் நாற்காலியில் உட்கார்ந்தேன். தாளை முன்னால் வைத்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தேன். வாய்விட்டுப் படித்தேன். ஸ்கேலை இறக்கினேன். படித்தேன், இறக்கினேன். இரண்டாவது பக்கத்தின் நடுவில், சார் நிறுத்தின இடத்துக்கும் கொஞ்சம் மேலேயே, ஸ்கேல் நின்றுவிட்டது. அந்த வரிகளை மறுபடி படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன், கொஞ்சம் சத்தமாக.

பிறகு ஸ்கேலை எடுத்துத் தாளின் மேல் குறுக்காக வைத்தேன். எழுந்து போய், நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.